படியேற மறுத்த குரல்

அரண்மனையின் குரல் படியேற மறுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில், வாசலில் கூட்டம் சேரத் தொடங்கியிருந்த நேரத்தில். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நுழைவுச்சீட்டோடு வாங்கிக் காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கருவியில் பேசும் பெண்குரல் அது. தோட்டத்தையும் துருப்பிடித்த பீரங்கியையும் நன்றாகவே விவரித்துவிட்டு, கருங்கல் படிக்கட்டின் அடிக்கு வந்ததும், "இதுக்கு மேல நான் வரல. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று நிறுத்திக்கொண்டது. கருவிகளைப் பழுதுபார்க்கிறவர் வந்து ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார், பேட்டரியை மாற்றினார், ஊதினார், தட்டினார். கீழே இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகப் பேசின. மேலே கொண்டுபோனால் வாயை மூடிக்கொண்டன. கருவியில் ஒரு குறையும் இல்லை, கோளாறு குரலில்தான் என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதெல்லாம் ஊருக்கு அவள் வாயால்தான் தெரியும். குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போனதிலிருந்து சக்கர நாற்காலிதான். அண்ணன் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் என்பதால் நாற்காலிக்கு நல்ல பேரிங்காகப் பார்த்துப் போட்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றால்கூடத் தெரியாது. அண்ணிக்கு அந்தக் குறை கிடையாது, அவள் வருவது தெருமுனையிலேயே கேட்கும். அரண்மனைக்குக் குரல் வேண்டும் என்று காப்பாட்சியர் தேடி வந்தபோது, நிலையத்து அறிவிப்பு அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வாரம் உட்கார்ந்து பேசிக் கொடுத்தாள். மண்டபத்து விதானத்தில் தீட்டியிருந்த வானத்தைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது: 'தலையை உயர்த்திப் பாருங்கள், விடியலும் அந்தியும் ஒரே வானத்தில் சந்திக்கின்றன.' அதைத் தலை வாரும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பார்க்காத வானத்தின்மேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

தொடக்க விழாவுக்கு அழைத்தார்கள். புதுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். அரண்மனை ஆளுயரத்துக்கும் மேலான மேடையில் கட்டப்பட்டது. படியைத் தவிர வழி இல்லை. விருந்தினர்கள் எல்லாரும் அவள் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு மேலே போனார்கள். அவள் கீழே பீரங்கிக்குப் பக்கத்தில் வெயிலில் இருந்தாள். வாசல் காவலாளி மட்டும் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் வானிலையைப் பற்றிப் பேசினார். இறங்கி வந்தவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "என்னமா சொல்லியிருக்கீங்க, நேர்ல நின்னு காட்டுற மாதிரியே இருக்கு!" என்றார்கள். "நான்தான் பாக்கவே இல்லையே" என்றாள். நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். அடுத்த வேலை நாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

காப்பாட்சியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதர் அல்ல; அரண்மனையைத் தன் சொந்தப் பல்லைப் போலப் பாதுகாத்தவர். அண்ணியும் கூட வந்தாள்.

"உங்க குரல்தானே, நீங்க சொன்னா கேக்கும். கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்."

"அது என் பேச்சையும் கேக்காது சார். ஆனா அது வரமாட்டேங்கறதுல ஒரு தப்பும் இல்ல. எனக்கு வழி பண்ணுங்க, அதுவும் வரும்."

"பாரம்பரியக் கட்டடம்மா இது. ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "அப்ப உங்க ரூமுக்கு ஏசி வைக்கச் சுவத்துல ஓட்டை போட்டாங்களே, அன்னைக்கு அந்தச் சட்டம் லீவுல போயிருந்துச்சா?"

பின்பக்கமாக ஒரு வழி இருப்பதாகச் சொன்னார்கள். குப்பை வண்டி போகிற வழி, அங்கேயும் கடைசியில் படிதான். மேலே உள்ளதையெல்லாம் படம் எடுத்துப் பெரிய திரையில் காட்டுகிறோம் என்றார்கள். பசிக்கிறவனுக்குச் சாப்பாட்டுப் படத்தைக் காட்டுவதுபோல என்று அண்ணி சொன்னாள். கடைசியாக, பலசாலிகள் நாலு பேரை வரவழைத்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறோம், பத்து நிமிட வேலை என்றார் காப்பாட்சியர். அவளுக்கு அந்த வானத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு ஆசை. ஆனால் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் வாக்குச்சாவடியிலும் அக்குளுக்குள் கைகொடுத்து அவளைத் தூக்கிய கைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. பாவாடை விலகியது, 'பாத்து, பாத்து' என்ற கூச்சல், எல்லார் கண்ணும் தன்மேல் இருந்தது.

"சார், என்னை நாலு பேர் தூக்குற நாள் ஒண்ணு கண்டிப்பா வரும். அன்னைக்குத் தூக்கிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இன்னைக்கு நான் உயிரோட இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

வேறொரு பெண்ணை வைத்துப் புதிதாகப் பதிவு செய்தார்கள். அந்தக் குரல் முதல் நாள் மேலே போனது. இரண்டாம் நாள் படியடியில் முந்தைய குரலோடு பேச்சு கொடுத்தது. மூன்றாம் நாள் அதுவும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அந்த வாரத்திலிருந்து மேலே ஏறுகிற மனிதர்களின் குரல்களும் தங்கத் தொடங்கின. முதல் படியில் கால் வைத்ததும் பேச்சு நின்றுவிடும். செருப்பைக் கழற்றிவிட்டுப் போவதுபோலக் குரலைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற முடிந்தது. திரும்பும்போது அவசரத்தில் சிலர் மாற்றி எடுத்துக்கொண்டு போனதும் உண்டு. காவலாளி ஒரு கணக்கு வாத்தியாரின் குரலோடு வீட்டுக்குப் போனார். மரியாதையாகப் பேசுகிறது, அதுவே இருக்கட்டும் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாள்.

இதற்குள் காப்பாட்சியர் மேலிடத்தில் சொல்லி வைத்ததில், அறிவிப்பாளரை ஒலிபெருக்கியிலிருந்து எடுத்து, பின்னறையில் பயண அட்டைகளுக்கு முத்திரை குத்தும் வேலையில் போட்டார்கள். தூக்கிக்கொண்டு போகச் சம்மதித்தால் பழைய வேலை திரும்பக் கிடைக்கும் என்று காதில் போட்டார்கள். அண்ணன் சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு, "ஒரே ஒரு தடவைதானேம்மா, கண்ணை மூடிக்கயேன்" என்றார். "கண்ணை மூடிக்கிட்டுப் போய் எதண்ணே பாக்கறது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அண்ணன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்றிரவு அவள் தூங்கவில்லை. ஒலிபெருக்கி இல்லாத நாள் அவளுக்கு உப்பில்லாமல் இருந்தது. யாரோ ஒருத்தன் வண்டி எண்ணைத் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு முத்திரை குத்துவது கொடுமையாக இருந்தது.

ஆனாலும் விடுமுறை நாள் தவறாமல் அரண்மனைக்குப் போய்ப் படியடியில் இருந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்: முட்டி தேய்ந்த ஓய்வுபெற்ற தபால்காரர், ஊன்றுகோலோடு ஒரு கல்லூரி மாணவி, நிறைமாதக்காரி, மூச்சிரைப்புக்காரர். மேலே போனவர்கள் ஊமைகளாக அறை அறையாக நடக்க, அவர்களுடைய குரல்களெல்லாம் கீழே இவர்களோடு கூடிக் கும்மாளமடித்தன. மேலே என்ன இருக்கிறது என்பதைவிடக் கீழே என்ன பேச்சு என்று கேட்கத்தான் ஆட்கள் சேர்ந்தார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் மேலிடத்து அமைச்சர் ஒருவர் மண்டபத்தில் உரையாற்ற வந்தார். காப்பாட்சியர் எச்சரித்திருந்தார்; அமைச்சர் நம்பவில்லை. மேலே மைக்கின் முன் நின்று அவர் வாயை அசைத்தார், கையை ஆட்டினார், ஒன்றும் வரவில்லை. அந்த நேரத்தில் அவருடைய குரல் கீழே முழு உரையையும் தபால்காரருக்கும் நிறைமாதக்காரிக்கும் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தது. இறங்கி வந்தபோது குரல் அவரிடம் திரும்பவில்லை; அறிவிப்பாளரின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றது. அமைச்சர் அவளையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இந்த ஊரில் இதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கையசைத்தே கேட்டார்: இவங்க ஏன் கீழ இருக்காங்க? கேட்டதும் தொண்டை திறந்துகொண்டது. முதல் வேலையாகக் காப்பாட்சியரைக் கூப்பிட்டார்.

கல்லில் ஓர் உளிகூடப் படாமல், இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை பாவி, முன்வாசல் வழியாகவே சாய்தளம் அமைத்தார்கள். சட்டத்தை நட்டு முடுக்கியது அண்ணன். முடிந்த அன்று அவள் தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். தள்ளக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு கூட நடந்தாள். பாதியில் உள்ளங்கை எரிந்தது. நின்றாள், புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி தள்ளினாள். அவளுக்குப் பின்னால் குரல்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் சேர்ந்தே வந்தார்கள்.

மண்டபத்தில் தலையை உயர்த்திப் பார்த்தாள். விடியல் இருந்த இடத்தில் மழைநீர் ஒழுகிய கறை. அந்தி உரிந்து தொங்கியது. நடுவில் ஒரு பல்லி.

"எப்படிம்மா இருக்கு?" என்று காப்பாட்சியர் மெதுவாகக் கேட்டார்.

"சுமார்தான் சார்."

அவர் முகம் சுருங்கியது. அவள் சிரித்துவிட்டாள். "சுமார்னு சொல்றதுக்கும் மேல வரணும்ல?"

மறுநாள் எல்லாக் கருவிகளிலும் குரல் மேலே போய், விதானம் சுமார்தான் என்றே சொன்னது. திருத்த முடியவில்லை, யாரும் திருத்த முயலவுமில்லை. அவளுக்கு ஒலிபெருக்கி திரும்பக் கிடைத்தது. அடுத்த வருடம் நீதிமன்றத்தின் மாடியில் வழக்கறிஞர்களின் பேச்சு நின்றுபோனது. அதற்கடுத்துப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துகள் மாடிக்கு வர மறுத்து வாசலிலேயே விழுந்தன. பிறகு சினிமாக் கொட்டகை, வங்கி, பள்ளிக்கூடம். ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மணலுக்கும் சிமெண்டுக்கும் சொல்லி அனுப்பினார்கள்.