புருஷோத்தமன் எழுதாத ப்ரோக்ராம்

லாஸ்பேட்டையில் இருக்கும் அந்தக் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருகிறது என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், மாணவர்களுக்கு ஒத்திகை வைப்பார்கள். இயற்பியல் மூன்றாம் ஆண்டுக்கு ஒத்திகை வைத்தவர் துறைத்தலைவர் புருஷோத்தமன். ஒவ்வொருவரும் எழுந்து பெயர், படிப்பு, பொழுதுபோக்கு சொல்ல வேண்டும். பொழுதுபோக்கையும் அவரே பங்கிட்டுக் கொடுத்துவிட்டார், என்னவோ ரேஷன் அரிசி மாதிரி. ஜெர்லினுக்குக் கிடைத்தது செய்தித்தாள் வாசிப்பது. அவள் வீட்டில் செய்தித்தாள் நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது.

அவளுக்குப் பிடித்தது ப்ரோக்ராம் எழுதுவது. படித்துக்கொண்டே கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் ஃப்ரீலான்ஸாக எழுதித் தருகிறாள். துறையின் வருகைப்பதிவு ப்ரோக்ராமும் அவள் எழுதியதுதான். ஒரு கோடை விடுமுறை அதிலேயே போனது. அதன் முகப்பில் கொஞ்சமும் கூச்சமில்லாமல் தன் பெயரைப் போட்டுக்கொண்டார் புருஷோத்தமன்.

கேட்கப் போனவளிடம் எரிந்து விழுந்தார்.

“ஒன் அட்டெண்டன்ஸ் எவ்ளோன்னு தெரியுமா? எழுபத்தொண்ணு. எழுபத்தஞ்சு இல்லன்னா ஹால்டிக்கெட் கெடையாது. ஒரு வருஷம் வீட்டுலயே குந்திக்கினு இரு. கமிட்டி முன்னாடி நான் சொன்னத மட்டும் சொல்லு, நானே ஏத்தி வுடறேன்.”

ஜெர்லினுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தாள். வேலை வேலை என்று காலை வகுப்புகளுக்கு மட்டம் போட்டது அவள்தானே.

குழு வந்தது. தலைவி செந்தமிழ்ச்செல்வி சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர். திரையில் வருகைப்பதிவைக் காட்டினார் புருஷோத்தமன்.

“ராப்பகலா ஒக்காந்து நானே எழுதுனது மேடம்.” அதோடு வாயை மூடியிருக்கலாம். “இதுங்களுக்கு ஒரு வரி எழுதக்கூட வக்கில்ல.”

ஜெர்லினின் முறை வந்தது. எழுந்தாள்.

“பேர் ஜெர்லின். பி.எஸ்சி. பிசிக்ஸ், மூணாவது வருஷம். ஃப்ரீலான்ஸ் ப்ரோக்ராமர். ஹாபியும் அதான். இந்த ப்ரோக்ராம எழுதுனது நான்.”

“பொய் மேடம்! டெஸ்ட் பண்ணிப் பாருன்னு குடுத்தேன், அவ்ளோதான். திமிர் புடிச்ச பொண்ணு.”

“நீதான் எழுதுனேன்னு எப்பிடி நம்பறது?” என்றார் செந்தமிழ்ச்செல்வி.

“யாரு எந்த அட்டெண்டன்ஸ எப்ப மாத்துனாங்கன்னு இதுல ஒரு பக்கம் இருக்கு மேடம். எங்க இருக்குன்னு சார சொல்லச் சொல்லுங்க.”

“அப்பிடி எதுவும் இதுல இல்ல,” என்று அடித்துச் சொன்னார் புருஷோத்தமன்.

ஜெர்லின் கணினிக்குப் போனாள். அந்தப் பக்கம் அவளுடைய பாஸ்வேர்டுக்கு மட்டுமே திறக்கும். அதில் இருப்பதை அன்று காலையில்தான் பார்த்திருந்தாள். மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். இப்போது திறக்காமல் போய் உட்கார்ந்தால் பரீட்சை எழுதலாம். திறந்தால் ஒரு வருஷம் போச்சு. ‘இதுங்களுக்கு வக்கில்ல’ என்றது காதிலேயே நின்றது. திறந்தாள்.

செந்தமிழ்ச்செல்வி சத்தமாகவே படித்தார். “ஜெர்லின். எழுபத்தொண்ணு, எழுபத்தாறுன்னு மாத்தப்பட்டிருக்கு. இன்னிக்கிக் காலைல ஒம்போது பத்துக்கு. மாத்துனவர், புருஷோத்தமன்.”

படித்து முடித்துவிட்டு புருஷோத்தமனைத் திரும்பிப் பார்த்தார்.

“நீயும் சேந்துதானடி மாட்டிக்கின,” என்று பல்லைக் கடித்தார் புருஷோத்தமன்.

ஜெர்லின் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருகைப்பதிவில் தன் பெயருக்கு நேரே இருந்த எழுபத்தாறை அழித்தாள். எல்லார் கண்முன்னாலும் எழுபத்தொன்று என்று தட்டினாள்.

“ஒனக்கு ஹால்டிக்கெட் வராதும்மா,” என்றார் செந்தமிழ்ச்செல்வி.

“தெரியும் மேடம்.”

அந்த ஆள் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று பார்வையைத் திரையிலேயே வைத்திருந்தாள். அங்கே புதிதாக ஒரு வரி வந்திருந்தது. மாற்றியவர், ஜெர்லின்.