அக்கா காய்ச்ச வேண்டிய பால்

புஷ்பலதாவுக்கு அறிவு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊரப்பாக்கத்தில் வாடகை வீட்டு வாசலில் இட்லி மாவு விற்றே இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவள். தம்பி என்று வந்துவிட்டால் மட்டும் அந்த அறிவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள்.

தம்பி சக்திவேல் கம்ப்யூட்டர் வேலையில் சிட்னிக்கு மாற்றலாகிப் போனான். அங்கே வாடகை கொடுத்து மாளவில்லை. சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாம் என்று பார்த்தால் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. பெரும்பாக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலம் அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. நிலத்தை வாங்க வந்தவரின் வக்கீல், பெண்பிள்ளை கையெழுத்து இல்லாமல் ஆகாது என்றதும் அக்காவும் நினைவுக்கு வந்தாள்.

லீவு போட்டு வந்தான். அவள் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயிறு நிறைய இட்லி தின்றுவிட்டுத்தான் பேச்சை எடுத்தான். பங்கு என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை.

"நம்ம வூட்ல பொறந்த பொண்ணு நீதான்க்கா. புது வூட்ல நீ வந்து பால் காய்ச்சாம நான் குடி போவமாட்டேன். விசா, டிக்கெட்டு எல்லாம் என் பொறுப்பு."

அவர்கள் குடும்ப வழக்கப்படி புதுவீட்டுக்குள் உடன்பிறந்தவள்தான் குடத்தோடு முதலில் போவாள். அவள் அடுப்பில் வைத்த பால்தான் பொங்க வேண்டும். தம்பி மனைவி ஜெயப்ரியா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவளை ஒரு ஆளாக மதித்ததில்லை. அந்த மகராசியின் வீட்டிலேயே அவளுக்கு முன்னால் குடம் தூக்கி நடப்பதை நினைத்ததும் புஷ்பலதாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவள் கணவன் ரங்கன் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். அந்த நிலத்தில் அவளுக்கும் சரிபாதி உண்டு, அதை வாங்கினால் சின்னதாக ஒரு சொந்த வீடு கட்டிவிடலாம், வீட்டுக்காரர் வாயில் விழாமல் இருக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தான். "எங்கப்பா நெலம், என் தம்பி. நடுவுல நீ யாருய்யா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள்.

பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிய அன்று, ரங்கனின் ஆட்டோவில்தான் மூவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். மாவில் ஊறித் தேய்ந்துபோன அவள் கட்டைவிரலை மிஷின் ஏற்கவே இல்லை. சக்திவேல் தன் கைக்குட்டையால் அந்த விரலைத் துடைத்துத் துடைத்து, தானே பிடித்து அழுத்தினான். ரேகை விழும் வரை விடவில்லை. வெளியே வந்ததும் அரக்குக் கலரில் ஒரு பட்டுப்புடவையைக் கையில் கொடுத்து, புதுவீட்டில் இதைத்தான் கட்ட வேண்டும் என்றான். சின்ன வயதில் அவனுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் இவள். இப்போது பெரிய ஆபீசர் ஆகியும் தன் விரலைத் துடைத்துவிட்டானே என்று தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தாள்.

எப்போதோ இலங்கைக் கோயில்களுக்குப் போக எடுத்து வைத்த பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினாள். தாம்பரம் மார்க்கெட்டில் பித்தளைக் குடம் வாங்கினாள். நிலம் கைமாறியது. சிட்னியில் பன்னிரண்டாவது மாடியில் ஃபிளாட்டும் ஆயிற்று. அதன் பிறகுதான் சக்திவேல் போன் செய்தான். விசா கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம், அவன் என்ன செய்ய முடியும்? புஷ்பலதா அந்த நாட்டு சர்க்காரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பால் காய்ச்சும் காலையில் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, வீடியோ காலில் உட்கார்ந்தாள். பார்க்க அக்கம்பக்கமும் கூடிவிட்டது. குடத்தோடு முதலில் உள்ளே போனவள் ஜெயப்ரியாவின் தங்கை. சிட்லபாக்கத்திலிருந்து இதற்கென்றே போயிருந்தாள்.

பக்கத்து வீட்டு கனகவல்லிக்கு மகள் அந்த நாட்டில்தான் இருக்கிறாள். கனகவல்லி போனையும் புஷ்பலதாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு விசா போடறப்போ ஆபீசுக்கு வரச் சொல்லி பத்து வெரலையும் மிஷின்ல வெக்கச் சொன்னாங்களே புஷ்பா. அது இல்லாம மனுவே செல்லாதுன்னாங்க. உன்னை எப்ப கூப்ட்டாங்க?"

யாரும் அவளைக் கூப்பிடவில்லை, யாரும் மனுவே போடவில்லை என்பது புஷ்பலதாவுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. கூடியிருந்தவர்கள் முன்னால் அதை ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை.

"வெச்சேன்க்கா," என்றாள். "என் தம்பிதான் கூட வந்து, வெரலைப் புடிச்சி வெச்சான்."

ரங்கன் எழுந்து வெளியே போய்விட்டான். போனுக்குள் பால் பொங்கி வழிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். அங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணு அக்கா என்று சக்திவேல் கேமராவுக்கு முன்னால் குனிந்தான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. புஷ்பலதாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சலோடேயே கையைத் தூக்கி, "நல்லா இருடா" என்றாள்.