ஆணி அடிக்காமல் தொங்கிய தூளி

ரெனிதாவின் தூளிக்கு மேலே கொக்கி கிடையாது, கயிறு கிடையாது, வளையம் கிடையாது. பழைய நூல் சேலையின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் போட்ட முடிச்சு, கூரைக்கு ஒரு முழம் கீழே வெறும் காற்றில் நின்றது. அதற்குக் கீழே குழந்தை தூங்கியது. அண்ணனூரில் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் பூங்காவனத்தின் லைன் வீட்டில், கடைசிக் கதவுக்குள் இது நடந்தது. தெருவில் பார்க்காதவர்கள் இல்லை. பார்த்துவிட்டு, சேலை நல்ல சேலை, இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பூங்காவனத்தின் கணவர், நெல் விளைந்த நிலத்தில் கடைசியாக மிஞ்சிய துண்டில் ஆறு அறைகளை வரிசையாகக் கட்டிவிட்டுச் செத்துப்போனார். சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டிப் போட்ட கூரை என்பதால் ஆணி அடித்தால் காரை பெயர்ந்து கையோடு வரும். ஆறு அறைக்கும் ஒரே செப்டிக் டேங்க் என்பதால் ஆள் கூடினால் பொங்கும். ஆகவே குடிவருகிறவர்களிடம் பூங்காவனம் இரண்டே சட்டங்களைச் சொல்வாள். "ஆணி அடிக்கக் கூடாது. தரையில ரெண்டு தலைக்கு மேல படுக்கக் கூடாது. மூணாவது தலை படுத்துச்சுன்னா சாவியக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு." ஹில்டாவும் ஆனந்தனும் தலையாட்டிவிட்டுத்தான் குடிவந்தார்கள். வேறு சாதி, வேறு சாமி என்று கட்டிக்கொண்டவர்கள். யார் வந்து தங்கப்போகிறார்கள் என்ற தைரியம். மூன்றாவது தலை தன் வயிற்றிலிருந்தே வரும் என்பது, வேலப்பன்சாவடியில் பி.காம் முடித்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய ஹில்டாவுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அந்த அறையில் கதவைத் திறந்தால் அடுப்பு, அடுப்பைத் தாண்டினால் பீரோ, பீரோவைத் தாண்டித் திரும்பினால் மறுபடியும் கதவு. நடுவில் ஒரு பாய். ஆனந்தனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். பகல் முழுக்க அந்தப் பாயில் அவன் செத்த பாம்பு மாதிரிக் கிடப்பான். ஹில்டா பார்த்த கணக்கு வேலையும் எஸ்டேட்டில்தான். பிரசவத்துக்குப் போனவளிடம், பெத்துட்டு வாம்மா பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அதே வாரம் அந்த நாற்காலியில் வேறு பெண்ணை உட்காரவைத்தார்கள். பேத்தி என்றதும் மனசு கேட்காமல் ஹில்டாவின் அப்பா பிரகாசம் ஒரு மரத்தொட்டிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது கதவுக்குள் நுழையவில்லை. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார்கள், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் வெளியே குழாயடியில் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் போனார். பூங்காவனத்தின் கோழி அதில் முட்டையிட ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சாயங்காலம் குழந்தையை எங்கே போடுவது என்று ஹில்டா அறைக்குள்ளேயே சுற்றினாள். அடுப்புப் பக்கம் போட முடியாது, பீரோவின் கதவு இடிக்கும், பாயில் போட்டால் மூன்று தலை. "மேல புடிடா" என்று ஆனந்தனிடம் சேலையின் முனைகளைக் கொடுத்தாள். அவன் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, முடிச்சைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். குழந்தை ஆடி ஆடித் தூங்கிப்போனது. கை கடுக்குது ஹில்டா என்றான். கடுக்கட்டும் என்றாள் அவள். எனக்கு எங்கெல்லாம் கடுக்குதுன்னு நான் சொன்னேனா? அப்போது தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மூன்றாவது ஹாரனுக்கு நிற்க மாட்டான் டிரைவர். ஆனந்தன் கையை விட்டுவிட்டுக் குதித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். தூளி அப்படியே நின்றது. விடிந்து திரும்பி வந்தவன், "இன்னும் தொங்குதா?" என்று கேட்டுவிட்டு, குனிந்து அதற்கு அடியில் புகுந்து பாயில் படுத்துக்கொண்டான்.

ஆணி அடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பூங்காவனம் துடைப்பத்தோடு வந்தாள். முடிச்சுக்கும் கூரைக்கும் நடுவில் துடைப்பத்தை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தாள். கூரையைத் தட்டிப் பார்த்தாள். சுவரில் பழைய குடித்தனக்காரன் அடித்த ஓட்டையைக்கூட விரலால் தடவிப் பார்த்தாள்.

"இன்னாடி இது?"

"தூளி."

"அது தெரியிது. எதுலடி கட்டிக்கீற?"

"எதுலயும் கட்டல. உன் செவுத்துல படுதா? இல்ல. உன் கூரைல படுதா? இல்ல. உன் தரையில எத்தன தலை? ரெண்டு. அப்புறம் இன்னாத்துக்கு வந்த?"

"படிச்ச திமிரு" என்று சொல்லிவிட்டுப் பூங்காவனம் போனாள். ஆனால் அவளே சட்டம் போட்டவள், சட்டத்தை மீறியதாகச் சொல்ல அவளுக்கு வழியில்லை. அன்றைக்கு ஹில்டாவுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூடக் குழந்தையை அவள் தரையில் விடவில்லை. குளிப்பாட்டினால் மடியில், பால் கொடுத்தால் மடியில், மற்ற நேரமெல்லாம் அந்தரத்தில். தாலாட்டு எதுவும் அவளுக்கு வராது. தூளியை ஆட்டும்போதெல்லாம், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்: "கால் கீழ படக் கூடாதுடி. பட்டா நம்மளத் தொரத்திடுவாங்க."

ரெனிதா நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்டாள். குப்புற விழுகிற வயதில் தூளிக்குள் புரண்டாள். தவழுகிற வயதில் தூளியின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, அதே உயரத்தில், காற்றில் தவழ்ந்தாள். அடுப்புக்கு மேலே போய்ச் சாம்பார் வாசனை பிடித்தாள். பீரோவின் உச்சியில் இருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கிழித்துத் தின்றாள். மின்விசிறியைப் போட முடியாமல் போனது. அக்னி நட்சத்திரம் முழுக்க அந்தத் தகரக் கதவு அறையில் மூன்று பேரும் வெந்தார்கள். சொட்டு மருந்து கொடுக்க வந்த அம்மா, ஸ்டூல் இருந்தா குடுங்க என்று கேட்டு வாங்கி ஏறி, இரண்டு சொட்டு விட்டு, சுண்டுவிரலில் மை வைத்துவிட்டு இறங்கி அடுத்த வீட்டுக்குப் போனாள். ஆனந்தன் குனிந்தே நடந்து நடந்து, எஸ்டேட்டிலும் குனிந்தே நடந்தான். சூப்பர்வைசர் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

ஹில்டாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அறைக்குள் நடக்க இடமில்லாததால் ரயில் ஷெட் சுவரோரமாகக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தாள். உள்ளே ஷெட்டில் காலி ரயில்கள் கழுவி நிறுத்தப்பட்டிருக்கும். யாருமே ஏறாத இத்தனை நீள வண்டிக்கு இத்தனை இடம், என் பிள்ளைக்கு ஒரு முழம் தரை இல்லை என்று அவளுக்கு வயிறு எரியும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்தன. ரெனிதாவை ஸ்டேஷன் பக்கத்து மைதானத்தில் இறக்கிவிட்டால், இரண்டு காலையும் மடித்துக்கொண்டு, புல்லுக்கு மேலே அப்படியே நின்றாள். பூந்தமல்லிக்குப் போய், மிதித்தால் கீச்சென்று கத்துகிற செருப்பு வாங்கி வந்து மாட்டினாள் ஹில்டா. சத்தத்துக்கு ஆசைப்பட்டாவது மிதிக்கும் என்று பார்த்தாள். வாரக்கணக்கில் அந்தச் செருப்பு ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

"நீதான சொல்லிக் குடுத்த" என்றான் ஆனந்தன், பாயில் படுத்தபடி. அவன் சண்டைக்குச் சொல்லவில்லை, தூக்கத்தில் சொன்னான். அதனால்தான் அது அவளைப் போட்டு அறுத்தது. பூங்காவனத்தை ஜெயித்துவிட்டதாக நினைத்த வார்த்தையில் தன் பிள்ளையையே கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்குச் சோறு வடிக்காமலேயே, பீரோவிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நேராகப் பூங்காவனத்தின் வாசலில் போய் நின்றாள்.

"நாங்க ரெண்டு பேரு இல்ல, மூணு பேரு. மூணுன்னு நீ வந்து சொல்லு. இல்ல, இந்தா சாவி."

பூங்காவனம் கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். "தரையில படல, செவுத்துல படலன்னு அன்னிக்கு வக்கீலு மாரி பேசின. இப்ப இன்னா?"

"அவ நடக்கணும்."

பூங்காவனம் கையைத் தட்டி உதறினாள். சாவியையும் பார்த்தாள், ஹில்டாவின் முகத்தையும் பார்த்தாள். சாவியை வாங்கவில்லை. "டேங்க் பொங்கிச்சின்னா நீதான்டி வாரணும்."

"வார்றேன்."

பெருத்த உடம்போடு ஹில்டாவின் கதவில் ஒருக்களித்து நுழைந்து பூங்காவனம் தரையில் உட்கார்ந்தாள். ஆனந்தன் எழுந்து அடுப்பு மேடையில் ஏறி உட்கார வேண்டியதாயிற்று. ரெனிதா மேலேயிருந்து தவழ்ந்து வந்து அவளுடைய மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். "ஆவ், உட்றி! ஆத்தாளுக்கு வாயி, உனக்குக் கையா? எறங்கு. நான்தான் ஓனரு, நானே சொல்றேன். மூணு தலை. என் ஊட்டுத் தரை இன்னா முள்ளா?" என்று அவள் தரையைப் படபடவென்று தட்டினாள். குழந்தை தரையைப் பார்த்தது. பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தது. ஓனர் சொன்னதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. யார் சொல்லிக் கற்றுக்கொண்டதோ அவள் வாயிலிருந்து வர வேண்டும்.

ஹில்டா குழந்தைக்கு எதிரே வந்து நின்றாள். கெஞ்சலாக ஏதாவது சொல்ல நினைத்தாள், வரவில்லை. அவளுக்கு வந்தது எப்போதும் வருவதுதான்.

"கால வைடி. எவன் தொரத்துறான்னு நான் பாக்குறேன்."

ரெனிதா மெதுவாக இறங்கினாள். அம்மாவின் இடுப்பளவுக்கு வந்தாள், முழங்காலளவுக்கு வந்தாள், ஒரு விரல்கடை மிச்சம் வைத்து யோசித்தாள். பிறகு செருப்பு கீச்சென்று கத்தியது. அந்தச் சத்தத்தில் அவளே பயந்து அழுதாள், அழுதுகொண்டே இன்னொரு கால் வைத்தாள். அடுப்பிலிருந்து பீரோவுக்கு, பீரோவிலிருந்து கதவுக்கு, கதவைத் தாண்டிக் குழாயடிக்கு. லைன் வீடு முழுக்க அன்று பொழுதுசாயும்வரை கீச் கீச்சென்று கேட்டது. ஆனந்தனுக்குத் தூக்கம் போய்விட்டது, ஷிப்ட்டில் நின்றபடி தூங்கினான்.

டேங்க் இரண்டு தடவை பொங்கியது. முதல் தடவை ஹில்டா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தாள். அதைப் பார்த்துப் பூங்காவனம் திட்டிக்கொண்டே லாரிக்கு ஃபோன் போட்டாள். ரெனிதா பள்ளிக்கூடம் போனாள். ஹில்டா ஆவடியில் ஒரு ஆடிட்டரிடம் வேலைக்குச் சேர்ந்து, அங்கும் மூன்று பேரோடு சண்டை போட்டாள். பிறகு இரண்டு அறை உள்ள வீடு பார்த்து அவர்கள் போனபோது, தூளியைக் கழற்றப் பார்த்தார்கள். அது வரவில்லை. ஆனந்தன் தொங்கிப் பார்த்தும் வரவில்லை. சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோதே, புதிதாகக் கட்டிக்கொண்ட ஒரு ஜோடி வீடு பார்க்க வந்தது. பூங்காவனம் கதவில் சாய்ந்து நின்று சொன்னாள்: "பாத்ரூமு பொது. மோட்டாரு காலைல ஒரு வாட்டி. ஆணி அடிக்கக் கூடாது. மேல தூளி கீது, வேணும்னா போட்டுக்கோங்க. தரையில ரெண்டு..."

பீரோவின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு போன ஹில்டா நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மூணு தலை" என்றாள் பூங்காவனம்.