றிம்ஸியாவின் இரண்டு பள்ளங்கள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாதிதான் விளங்கிய ஒன்றிலிருந்து பிறந்தது இந்தக் கதை. கணினிக்குப் படம் காட்டிப் பழக்கும்போது, அது விடும் பிழையை மேடுபள்ளமான நிலமாக நினைக்கலாமாம். பழகுவது என்றால் பள்ளம் தேடி இறங்குவது. வவுனியாவில் கணினி படித்த றிம்ஸியா சொன்னாள். "விளங்கிச்சுதோ?" என்று கேட்டாள். "ஓம்" என்று தலையாட்டிவிட்டேன்.

2.

பூவரசங்குளத்தில் அன்று மழை இருட்டிக்கொண்டு

(வேண்டாம். மழையில்லாமல் ஒரு கதை தொடங்கக்கூடாதா?)

நெல்லிலையின் படத்தைப் பார்த்து, பயிரைக் கருக்கும் எரிபந்த நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் செயலியை றிம்ஸியா செய்தாள். இரண்டு தடவை பழக்கினாள். ஒரு தடவை அது கிணறுபோல ஆழமான, ஒடுங்கிய பள்ளத்தில் போய் நின்றது: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. மற்றத் தடவை குளம்போல அகன்ற பள்ளம்: தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றெட்டை யார்தான் விடுவார்? அதையே வாப்பா ஆதம்பாவாவின் போனில் போட்டுக்கொடுத்தாள்.

3.

பத்து நாளில் வாப்பாவின் வயலில் அரை ஏக்கர் கருகியது.

"போன் நோய் இல்லையெண்டு சொல்லிச்சு, மகள். அதுதான் மருந்தடிக்கேல்ல" என்றார். அவர் ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பழக்கிய படங்களை மறுபடி பார்த்தாள். நானூறும் அவர் எடுத்துக் கொடுத்தவை. ஒவ்வோர் இலையும் பளபளவென்று இருந்தது. மகளின் படிப்புக்குப் போகிற படமாயிற்றே, சேறோடு அனுப்பலாமா? உடுத்திருந்த சாரத் தலைப்பால் துடைத்துத் துடைத்து எடுத்திருக்கிறார். (இந்த வரியில் பேனாவை வைத்துவிட்டேன். பாவம் மனிதர்.)

அன்றாடம் வயலில் இலையை யார் துடைக்கிறார்கள்? சேறு பட்ட இலையைக் காட்டினால் அந்த நிலம் சற்று நகர்ந்துவிடுமாம். ஒடுங்கிய பள்ளத்தில் ஓரடி விலகினாலே பிழை சுவர்போல ஏறுகிறது. அகன்றதில் நாலடி தள்ளிப்போனாலும் தரை தாழ்வாகவே இருக்கிறது. இப்போது சோதித்தபோது, சேறு பட்ட இலையையும் அகன்றது பெரும்பாலும் சரியாகச் சொன்னது. கொடுப்பதற்கு முன்பே இப்படிச் சற்றுத் தள்ளிப் பார்த்திருக்க வேண்டியவள் றிம்ஸியா. மதிப்பெண்ணில் மயங்கிவிட்டாள்.

4.

இன்று இரண்டாவதைப் போட்டுக்கொடுக்க வயலுக்குப் போயிருக்கிறாள். ஆதம்பாவா முதுகிலிருந்த மருந்துத் தாங்கியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்கிறார்: "முந்தினதில என்ன பிழை, மகள்?"

முடிவு அ: "நீங்க இலையைத் துடைச்சுப்போட்டுப் படம் எடுத்தீங்க, வாப்பா." அந்த அரை ஏக்கரைத் தன் கையே எரித்தது என்று அவர் சாகும்வரை நினைப்பார்.

முடிவு ஆ: "என்ர பிழை, வாப்பா. நான் சரியாச் சோதிக்கேல்ல." அடுத்த காலபோக விதைப்புக்கும் படம் எடுப்பவர் அவர்தான். மறுபடியும் துடைப்பார்.

இரண்டும் உண்மை. எனக்குக் கை ஓடவில்லை. நீங்களே சொல்லிக்கொடுங்கள், அவள் வாயைத் திறந்துவிட்டாள், அவர் சேற்றில் நின்று அவள் முகத்தையே பார்க்கிறார்.