முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு

மைக்செட் கிருஷ்ணப்பா என்றால் ஜோகுபாளையத்தில் தெரியாதவர் கிடையாது. கோவில் உற்சவம், புத்த பூர்ணிமா, காணாமல் போன பிள்ளை, எதுவானாலும் மைக்கைப் பிடித்துத் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறி அறிவிப்பவர் அவர்தான். புற்றுநோய்க்கு வேறு இடமே கிடைக்காதது போல அந்தத் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு வழி சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் முன்னூறு வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்து கொடுத்தால் ஒரு மென்பொருள் அவருடைய குரலையே உருவாக்கிவிடும். பிறகு ஃபோனில் எதை டைப் செய்தாலும் அந்தக் குரலில் பேசும். மகள் விஜி இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பா சிலேட்டில் எழுதிக் காட்டலாம்தான். ஆனால் அம்மா சின்னத்தாயிக்கு எழுத்து தெரியாது. முப்பத்தொரு வருஷமாகப் பேசிப் பேசியே குடித்தனம் நடத்திய இருவரும் இனி என்ன செய்வார்கள்?

வீட்டிலேயே, கம்ப்யூட்டரோடு அவருடைய மைக்செட்டை இணைத்துப் பதிவு செய்தார்கள். முதல் வாக்கியத்திலேயே கிருஷ்ணப்பா நிறுத்தினார்.

"செவப்பு லைட்டு எரியணும் விஜி. பச்சையிலயே பேசுனா கடைசில நிக்கறவனுக்கு என்ன கேக்கும்? ஸ்வல்ப ஏத்து."

அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு எரிந்தால் குரல் நிறைந்து வருகிறது என்று அர்த்தம். நாற்பது வருஷம் அப்படித்தான் பேசினார், யாரும் குறை சொன்னதில்லை. மைக் விஷயத்தில் அவரிடம் யார் வாதாடுவது? விஜி குமிழைத் திருகினாள். பத்து நாள், முன்னூறு வாக்கியம், எல்லாம் சிவப்பு. போட்டுக் கேட்டது அப்பாவின் பழைய ஸ்பீக்கரில். அது எந்தக் குரலையும் கரகரப்பாகத்தான் தரும் என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம் மென்பொருள் அத்தனை பதிவையும் திருப்பி அனுப்பியது. பயன்படாது என்று ஒரே வரி. மறுபடி பேசச் சொல்லலாம் என்றால் ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், குரல்தான் இல்லை.

அடுகோடியில் ரிக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கும் லாயிட் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பீக் எல்லாம் கட் ஆயிருக்கு மேடம். கட் ஆனது போனதுதான்."

விஜி இதை ஒப்புக்கொள்ளவில்லை. செகண்ட் பியூசியில், அதாவது பன்னிரண்டாவதில், கணக்கில் முப்பத்தைந்து வாங்கி நூலிழையில் தப்பியவள், வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து சைன் அலை படித்தாள். எத்தனை சிக்கலான குரலும் எளிய அலைகள் சேர்ந்ததுதான் என்று படித்தபோது நம்பிக்கை பொங்கியது. கம்ப்யூட்டர் ஒரு வினாடியில் நாற்பத்துநாலாயிரம் தடவை காற்றின் ஆட்டத்தை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது என்று தெரிந்தது. அந்த எண்ணுக்கு ஒரு கூரை உண்டு என்பதும் தெரிந்தது. 32,767. அதற்கு மேல் எழுத இடமில்லை.

அப்பாவின் பதிவை எண்களாகத் திறந்து பார்த்தாள். 32,767. அடுத்ததும் 32,767. அதற்கடுத்ததும் அதுவே. குரல் உரக்க எழும்பிச் சிவப்பு எரிந்த இடத்திலெல்லாம் தலை சீவப்பட்டு ஒரே எண் வரிசையாக நின்றது. "சின்னத்தாயி" என்ற ஒரு வார்த்தையில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் எண்ணினாள். பஸ்ஸிலேயே அழுகை வந்துவிட்டது.

படிக்கப் படிக்க விஷயம் மோசமானது. சீவப்பட்ட இடத்தில் எண்ணற்ற வளைவுகள் பொருந்தும், எது அப்பாவுடையது என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. லாயிட் ஒரே வாக்கியத்தில் சொன்னதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பொருந்துகிற வளைவுகளில் மிக வழுவழுப்பானதைப் போட்டு, சீவப்பட்ட ஒவ்வொரு தலையையும் நிரப்பினாள். முன்னூறையும் அனுப்பினாள். மென்பொருள் இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஜி ஃபோனை அப்பாவிடம் கொடுத்தாள். மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளைக்கு மேல் கட்டிய துணி ஏறி இறங்க, அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார்.

"தண்ணி வேணும்," என்றது ஃபோன்.

நல்ல குரல். தெளிவாக, பதமாக, செய்தி வாசிப்பவர் குரல் மாதிரி இருந்தது. கிருஷ்ணப்பா விஜியின் முகத்தைப் பார்த்தார். அவளால் அவரைப் பார்க்க முடியவில்லை.

"விஜி, யாரு வந்திருக்கறது? உக்காரச் சொல்லு," என்றாள் அம்மா உள்ளிருந்து.

முந்தானையைச் சரிசெய்துகொண்டு, விருந்தாளிக்கு வைக்கும் டம்ளரில் தண்ணீரோடு வந்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. வாசலை எட்டிப் பார்த்தாள். கிருஷ்ணப்பா எழுந்து போய் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார்.

பிறகு, பழக்கத்தில், ஜன்னலோரம் இருந்த சிலேட்டை எடுத்து அவசரமாக எழுதி அவளிடம் நீட்டினார். நான்தான்.

சின்னத்தாயி சிலேட்டைப் பார்த்தாள். மகள் பக்கம் திரும்பினாள்.

"என்ன எழுதியிருக்காரு?"