நாலுக்கும் எட்டுக்கும் நடுவே

மீரிம் எழுதிய புரோகிராமை முதலாளி உலார்பெக் தன் பெயரில் போட்டுக்கொண்டதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். நியாயம் கேட்கப் போனபோது, "நீ டீ ஊத்துற வேலையப் பாரு தங்கச்சி" என்று எல்லார் முன்னாலும் சிரித்தானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பாலை ஏற்றிப்போகும் லாரிகளுக்கான புரோகிராம் அது. பெட்டிக்குள் சூடு நாலு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவே இருக்க வேண்டும்; தவறினால் அலற வேண்டும். மீரிம் பைத்தான் மொழியில் "4 < சூடு < 8" என்று எழுதியிருந்தாள். கணக்கு வாத்தியார் படிப்பதைப் போலவே பைத்தானும் அதைப் படிக்கும். திருட்டை மறைக்க உலார்பெக் அதை வரிக்கு வரி சி மொழிக்கு மாற்றினான். சி வேறு ரகம். சூடு நாலைவிட அதிகமா என்று முதலில் பார்க்கும்; ஆமென்றால் ஒன்று, இல்லையென்றால் சைபர். பிறகு அந்த ஒன்றையோ சைபரையோ எட்டோடு ஒப்பிடும். இரண்டுமே எட்டுக்குக் குறைவுதானே! குமிஸ் கொதித்தாலும் உறைந்தாலும் எல்லாம் சரி என்றே சொல்லும். அந்த மகானுபாவன் எப்போதும் ஆறு டிகிரியில் இருக்கும் ஆபீஸ் பிரிட்ஜில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிட்டான்.

மீரிம் ஒரே பார்வையில் கண்டுபிடித்தாள். வாயைத் திறக்கவில்லை. சமயம் பார்த்துக் காத்திருந்தாள்.

லாரிகளின் சொந்தக்காரர் தோக்தோசுன் ஒப்பந்தம் பேச வந்த அன்று, வழக்கம்போல அவள்தான் டீ ஊற்றினாள். அந்த ஊர் மரியாதைப்படி பெரியவருக்கு அரைக் கோப்பை. மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமைக் காட்டி, இதை யார் எழுதியது என்று அவர் விசாரித்தார்.

"நான்தாண்ணே. ஒரு எழுத்துகூட வேற யாரும் தொடல" என்றான் உலார்பெக்.

மீரிம் அவன் கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள். எழுந்து போ என்று விருந்தாளிக்கு ஜாடை காட்டத்தான் பிஷ்கெக்கில் அப்படி ஊற்றுவார்கள். பெரியவரின் புருவம் உயர்ந்தது. அவள் மேஜைமேல் கிடந்த, சூட்டை அளக்கும் சென்சாரை எடுத்து, ஆவி பறக்கும் டீக்குள் முக்கினாள்.

திரையில் பச்சை எழுத்து வந்தது: எண்பது டிகிரி. எல்லாம் சரி.

தோக்தோசுன் அதை இரண்டு தடவை படித்தார். உலார்பெக்குக்கு முகம் வெளிறிவிட்டது. "அண்ணே, இது... இத எழுதினது இவதான்" என்று குழறினான்.

"ஒரு எழுத்துகூட வேற யாரும் தொடலன்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றாள் மீரிம்.

பெரியவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, "உன் போன் நம்பர் என்னம்மா?" என்று கேட்டார்.

உலார்பெக்கின் காதில் நன்றாக விழும்படி, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எண்ணாக அவள் சொன்னாள்.