பதினான்கில் மூன்று

மாஷிதா பரமக்குடியில் பஸ் மாறி அபிராமத்தில் வந்து இறங்கும்போது மணி பதினொன்று. தேவிபட்டினத்தில் கிளம்பும்போது, கூடப் படித்த பெண்ணைப் பார்த்துவிட்டு வருவதாக உம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெண் பானுப்பிரியா. பெங்களூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருவரும் குவாண்டம் கம்ப்யூட்டருக்கான சிப் செய்தவர்கள். பானு இரண்டு வருடம் இளையவள். ஒரு சிப்பில் கொஞ்சம் க்யூபிட்டுகளை, அதாவது கணக்கிடும் அலகுகளை, ஒழுங்காக ஓட்டிவிடலாம். ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் பல சிப்புகளை இணைத்தாக வேண்டும். இணைக்கிற இடத்தில்தான் பிழை பெருகும். பிழை பெருகாத ஓர் இணைப்பைக் கண்டுபிடித்துவிட்டதாக மாஷிதா கட்டுரை எழுதினாள். அது பெரிய பத்திரிகையில் வந்தது. டாக்டர் பட்டமும் கிடைத்தது.

உண்மையில் அவள் செய்து பார்த்த இணைப்புகள் பதினான்கு. சரியாக வேலை செய்தவை மூன்று. மற்ற பதினொன்றும் தயாரிப்புக் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டாள். பேராசிரியரிடமும் சொல்லவில்லை.

அந்த இணைப்பை நம்பி நான்கு சிப்புகளைச் சேர்க்கப் போனவள் பானு. இரண்டரை வருடம் தோற்றுக்கொண்டே இருந்தாள். "எனக்குத்தான் கை ஒத்து வரலக்கா" என்று அவள் அழுதபோது மாஷிதா தோளைத் தட்டிக்கொடுத்தாளே தவிர வாய் திறக்கவில்லை. போன ஆனியில் பானு ஆய்வை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு முன்னால் களத்தில் மிளகாய் காய்ந்தது. பானு துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா! சொல்லாமக்கொள்ளாம வாரீங்க. உள்ள வாங்க, வெயிலு."

"இங்கனயே பேசிருறேன் பானு. உள்ள வந்து உங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சிட்டா சொல்ல வாய் வராது."

நின்றபடியே சொல்லி முடித்தாள். பானு கிளறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. மிளகாய் நெடிதானா என்று மாஷிதாவுக்குத் தெரியவில்லை.

"பதினொண்ணா?"

"பதினொண்ணு."

"நான் நாப்பது செஞ்சேன். கை நடுங்குதோன்னு டாக்டர்ட்டப் போயிக் காட்டுனேன். தெரியுமா?"

"தெரியாது."

"எங்கய்யாட்ட, எனக்கு அம்புட்டு மூளை கெடையாதுய்யான்னு நானே சொன்னேன். அவரு மொகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கிது."

"மன்னிச்சிரு பானு."

"அத வாங்கத்தான் வந்தீங்களா? நான் குடுத்துட்டா நிம்மதியா பஸ் ஏறிருவீங்க. மொதல்ல சாருக்கு எழுதுங்க. பத்திரிகைக்கும் எழுதுங்க. மன்னிக்கிறதா வேணாமான்னு பெறகு நான் பாத்துக்கிறேன்."

மாஷிதா களத்து ஓரக் கல்லில் உட்கார்ந்து போனிலேயே எழுதினாள். 'சில முடிவுகள் விடுபட்டுவிட்டன' என்று தொடங்கினாள். படித்துப் பார்த்தபோது கூசியது. அழித்துவிட்டு, 'பதினொன்றை நான் மறைத்தேன்' என்று எழுதி அனுப்பினாள். பானு மிளகாயைக் கிளறிக்கொண்டே இருந்தாள். உள்ளே வரச்சொல்லி இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

இரண்டே மாதத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மாஷிதாவின் பட்டத்தின் மேல் விசாரணை தொடங்கியது. வெளிநாட்டில் கிடைக்கவிருந்த வேலையும் போயிற்று. பானு மறுபடி ஆய்வுக்குப் போனாள், வேறொரு பேராசிரியரிடம். மாஷிதாவின் செய்திகளுக்கு அவளிடமிருந்து பதில் வரவில்லை.

தேவிபட்டினத்தில் ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டு சுஹா வாசலில் நின்று, மாஷிதா ஏன் இன்னும் ஊரிலேயே இருக்கிறாள் என்று உம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"லீவுல வந்திருக்கா" என்றாள் உம்மா.

மாஷிதா வெளியே வந்தாள். "லீவு இல்ல உம்மா. நான் செஞ்ச தப்பால ஒரு பிள்ளையோட ரெண்டரை வருசம் வீணாப்போச்சு. அதுக்கு விசாரணை நடக்குது."

உம்மாவின் முகம் வெளுத்தது. மாஷிதா படியில் உட்கார்ந்து, இருவருக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.